கைகர் கவுண்டர் வாங்குவதற்கு முன்: ஆல்பாவா, பீட்டாவா, காமாவா?

கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கவுண்டர் வாங்க நினைக்கும் நிறையப் பேர் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வண்ணத் திரை இருக்கிறதா, செல்போனோடு சேருமா, உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் மைக்ரோசீவர்ட் கணக்கை மூன்று தசம இலக்கம் வரைக்கும் காட்டுமா, இப்படி. பணம் கட்டிக் கருவி வந்து சேர்ந்ததும் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் வைக்கிறார்கள். எண் ஏதோ கொஞ்சம் ஏறுகிறது. இணையத்தில் வேறொருவர் போட்ட வீடியோவிலோ அதே மாதிரி மேண்டிலுக்குக் கருவி அலறுகிறது. உடனே சந்தேகம், நம்முடையது போலியா? போலி இல்லை. உள்ளே இருக்கும் குழாய் வேறு வகை. அதற்கு ஆல்பா தெரியாது, பீட்டாவிலும் ஒரு பகுதியைத் தவறவிடும், அவ்வளவுதான். விலை வித்தியாசமும் பெரும்பாலும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது, திரையில் இல்லை.

வீட்டுக்கோ பள்ளிக்கோ ஒருவர் வாங்கக்கூடியது மூன்று வகை: பென்சில் மாதிரி நீண்ட உலோக அல்லது கண்ணாடிக் குழாய் வைத்தது, மைக்கா (காக்காப்பொன்) ஜன்னல் வைத்தது, கதிர் பட்டால் ஒளிரும் படிகம் வைத்த சின்டில்லேட்டர். இந்த மூன்றைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று வரிசை போட்டுக் கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, அது வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும். எந்தக் கதிர் எதற்குள் நுழையும் என்பது மாறாது, அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

பத்தாம் வகுப்பு அட்டவணையும் ஏ4 தாளும்

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆல்பா என்பது ஹீலியம் அணுக்கரு, இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். பீட்டா என்பது எலக்ட்ரான். காமா என்பது மின்காந்த அலை, நிறையும் கிடையாது, மின்னூட்டமும் கிடையாது. ஊடுருவும் திறனில் காமா முதலிடம், அயனியாக்கும் திறனில் ஆல்பா முதலிடம். ஆல்பாவைத் தாள் தடுக்கும், பீட்டாவை அலுமினியம் தடுக்கும், காமாவுக்கு ஈயம் வேண்டும். தேர்வுக்கு இது போதும், கருவி வாங்கப் போதாது. ஏனென்றால் ‘தடுக்கும்’ என்பதை எதில் அளப்பது என்று அந்த அட்டவணை சொல்வதில்லை.

ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் முக்கியம், குறுக்கே இருக்கும் பொருள் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது இல்லை, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு எத்தனை மில்லிகிராம் எடை குறுக்கே நிற்கிறது என்பதுதான். இதற்கு ஒரு நல்ல உதாரணம் கடையில் வாங்கும் ஏ4 தாள் கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறது: 80 ஜிஎஸ்எம். சதுர மீட்டருக்கு 80 கிராம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிகிராம். இப்போது அமெரிசியம்-241 விடும் ஆல்பாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் சுமார் 5.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், காற்றில் 4 சென்டிமீட்டர் தூரம் போகும். காற்று ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிகிராம், எனவே 4 சென்டிமீட்டர் காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிகிராம். தாள் 8, ஆல்பாவுக்குத் தாங்குவது 5. ஒரே தாளில் ஆல்பா நின்றுபோவதன் கணக்கு இவ்வளவுதான்.

இதே அலகில் கருவிகளைப் பாருங்கள். பென்சில் குழாய்களில் பிரபலமானது சோவியத் காலத்து எஸ்பிஎம்-20, அதன் எஃகுச் சுவர் சுமார் 50 மைக்ரான், கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிகிராம் வரும். ஆல்பாவுக்கு அது ஐந்து தாளை ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி. மைக்கா ஜன்னலோ 1.5 முதல் 2 மில்லிகிராம்தான். 5-இல் 2 போனாலும் மிச்சம் 3 இருக்கிறது, ஆல்பா உள்ளே நுழைந்துவிடும். ஆனால் ஜன்னலுக்கும் பொருளுக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் காற்று விட்டால் அந்த மிச்சமும் தீர்ந்தது. அதனால்தான் ஆல்பா அளக்கிறவர்கள் கருவியைப் பொருளின் மேல் படாத குறையாகக் கொண்டுபோகிறார்கள்.

பீட்டாவில் விஷயம் கொஞ்சம் குழப்பமானது. ஒரே தனிமம் விட்டாலும் பீட்டாக்கள் எல்லாம் ஒரே ஆற்றலில் வருவதில்லை. பூஜ்யத்திலிருந்து ஓர் உச்சம் வரை பரவிக் கிடக்கும், உச்ச ஆற்றலோடு வருவது ரொம்பக் கொஞ்சம். பொட்டாசியம்-40-இன் உச்சம் 1.31 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதை முழுக்க நிறுத்த 2 மில்லிமீட்டர் அலுமினியம் தேவை, எஸ்பிஎம்-20-இன் எஃகை அதில் பெரும்பகுதி சுலபமாகத் தாண்டிவிடும். கார்பன்-14-இன் உச்சமோ 0.156தான், சதுர சென்டிமீட்டருக்கு 28 மில்லிகிராமில் அடங்கிப்போகும், அதாவது எஃகுக் குழாய்க்கு அது இல்லாத மாதிரிதான், மைக்கா ஜன்னலுக்குத் தெரியும். டிரிட்டியம் இன்னும் கீழே, 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். காற்றிலேயே 6 மில்லிமீட்டரில் நின்றுவிடும், மைக்காவையும் தாண்டாது. கல்பாக்கத்தில் இருப்பதுபோன்ற கனநீர் உலைகளில் டிரிட்டியம் உருவாகும் என்று எங்கோ படித்துவிட்டு, ‘தண்ணீரில் இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்’ என்று கருவி வாங்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். இந்த மூன்றில் எதுவும் டிரிட்டியத்தைக் காட்டாது, தண்ணீரை ஒளிர்திரவத்தில் கலந்து ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும்.

காமாவுக்கு ‘இவ்வளவு தூரம்தான்’ என்ற எல்லையே கிடையாது, பாதி பாதியாகக் குறையும். சீசியம்-137-இன் காமாவை ஆறரை மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும், கோபால்ட்-60-க்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், காமா எதற்குள்ளும் நுழைந்துவிடும் என்பதாலேயே அதைப் பிடிப்பது கஷ்டம். கைகர் குழாயின் வாயுவை அது கவனிக்காமலேயே தாண்டிப் போகிறது. சுவரில் மோதி ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டு அந்த எலக்ட்ரான் வாயுவுக்குள் வந்தால்தான் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். நூறு காமா போனால் ஒன்று அளவில்தான் பதிவாகும். ஆக காமாவுக்கு மெல்லிய ஜன்னல் உதவாது, கனமான பொருள் வேண்டும். சின்டில்லேட்டர் படிகம் வேலைக்கு வருவது இங்கேதான்.

பென்சில் குழாய்: மலிவு, உறுதி, பாதிக் குருடு

ஹான்ஸ் கைகரும் வால்ட்டர் முல்லரும் 1928-இல் வடிவமைத்த குழாயின் நேர் வாரிசு இது. நியான் மாதிரி மந்த வாயு, கொஞ்சம் ஹாலஜன், நடுவில் ஒரு கம்பி, 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம். கீழே விழுந்தாலும் எஃகுக் குழாய் பெரும்பாலும் தாங்கும், கண்ணாடிக் குழாய் தாங்காது. மூன்று வகையில் விலை குறைந்ததும் இதுதான். சொந்தமாக மின்சுற்று செய்து பார்க்கிறவர்களுக்கு வெறும் குழாயாகவே கிடைக்கும், கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை. உயர் மின்னழுத்தப் பகுதியில் மட்டும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இதில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பலர் கவனிக்காதது, பிளாஸ்டிக் பெட்டி. குழாயின் சுவர் 40 மில்லிகிராம் என்றேன், ஆனால் கருவியின் மேல்மூடி 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால் அது மட்டுமே 200 மில்லிகிராம். குழாய் பார்க்கக்கூடிய பீட்டாவில் பெரும்பகுதியைப் பெட்டி விழுங்கிவிடும். சில கருவிகளில் குழாய்க்கு நேராகப் பெட்டியில் வெட்டு விட்டிருப்பார்கள், சிலவற்றில் பின்மூடியைக் கழற்றலாம். அது இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது கிட்டத்தட்ட காமா மட்டும் காட்டும் கருவி, அதுவும் காமாவில் மந்தமான கருவி.

மந்தம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண அறையில் இந்தக் குழாய் நிமிடத்துக்கு 20 எண்ணிக்கை அளவில்தான் தரும். எண்ணிக்கை 20 என்றால் அதன் தற்செயல் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலம், சுமார் 4 அல்லது 5. ஒரு நிமிடம் 16 வரும், அடுத்த நிமிடம் 26 வரும், இரண்டும் ஒன்றுதான். திரையில் அது 0.10 என்றும் 0.16 என்றும் மாறும்போது வீட்டில் ஏதோ நடக்கிறது என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் எண்ணினால் 200, ஏற்றத்தாழ்வு 14, அப்போதுதான் ஓரளவு நம்பலாம். மூன்றாம் தசம இலக்கம் என்பது சும்மா அலங்காரம்.

இன்னொன்று, இது எல்லாக் கைகர் கருவிக்கும் பொருந்தும்: மைக்ரோசீவர்ட் எண் என்பது கருவி நேராக அளப்பது அல்ல. அது எண்ணுவது டிக்குகளை. அந்த டிக்குகள் எல்லாம் சீசியம்-137-இன் காமா என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு, என்று ஓர் எண்ணால் வகுத்துக் காட்டுகிறது. எதிரே இருப்பது பீட்டா என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. காமாவில் நூற்றில் ஒன்றைத்தான் பிடிக்கும் குழாய், உள்ளே நுழைந்த பீட்டாவில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிடும், அப்புறம் அதையும் காமா கணக்கில் பெருக்கிக் காட்டும். மேண்டில் மேல் வைத்து ‘5 மைக்ரோசீவர்ட்!’ என்று போடும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகை. பீட்டாவும் ஆல்பாவும் அளக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், சீவர்ட்டை மறந்துவிடுங்கள்.

மைக்கா ஜன்னல்: மூன்றையும் பிரித்துக் காட்டுவது

என் கையில் பணம் கொடுத்து ஒன்றே ஒன்று வாங்கு, பள்ளிக்கு, என்றால் இதைத்தான் வாங்குவேன். இதில் இரண்டு உருவம் உண்டு. குழாயின் முனையில் சின்ன வட்டமாக ஜன்னல் வைத்தது ஒன்று, எல்என்டி 712 அந்த ரகம். தோசைக்கல் மாதிரி அகலமாகத் தட்டையாக இருப்பது இன்னொன்று, எல்என்டி 7317 அந்த ரகம், ஜன்னல் விட்டம் நாலரை சென்டிமீட்டர். இரண்டிலும் ஜன்னல் ஆறேழு மைக்ரான் மைக்கா. பென்சில் குழாய்க் கருவியைவிடப் பல மடங்கு விலை, தட்டை ரகம் இன்னும் அதிகம். ஏன் அவ்வளவு என்று கேட்டால், உள்ளே வாயு அழுத்தம் குறைவு, வெளியே முழுக் காற்றழுத்தம், நடுவில் ஆறு மைக்ரான் தகடு கிழியாமல் வருடக்கணக்கில் நிற்க வேண்டும், கசியக் கூடாது, அதைச் செய்வது சுலபம் இல்லை.

இதை வைத்துச் செய்யக்கூடிய சோதனை அழகானது. பொருளுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் ஜன்னலை வைத்து ஐந்து நிமிடம் எண்ணுங்கள். நடுவில் ஒரு ஏ4 தாளைச் செருகி இன்னொரு ஐந்து நிமிடம். தாளை எடுத்துவிட்டு 3 அல்லது 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வைத்து மறுபடியும். தூரம் மாறக் கூடாது, அது முக்கியம். தாளில் குறைந்தது ஆல்பா, தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் குறைந்தது பீட்டா, மிஞ்சியது காமாவும் பின்புலமும் (எங்கும் எப்போதும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு). உதாரணத்துக்கு நிமிடத்துக்கு 900, 700, 80 என்று வந்தால் ஆல்பா 200, பீட்டா 620. தாள் கொஞ்சம் மெதுவான பீட்டாவையும் சேர்த்து நிறுத்தும் என்பதால் இது துல்லியம் இல்லை, ஆனால் பத்தாம் வகுப்பு அட்டவணை கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம். 1899-இல் ரூதர்ஃபோர்டு யுரேனியக் கதிர்களுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்ததும் இந்த மாதிரிச் சோதனையை வைத்துத்தான், மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். சீக்கிரம் அடங்கிய பகுதி ஆல்பா, அதற்கு அப்புறமும் தாக்குப்பிடித்தது பீட்டா. காமாவை அடுத்த ஆண்டு பிரான்சில் விய்யார் கண்டார்.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. தோரியம்-232 தொடங்கி ஈயத்தில் முடியும் வரிசையில் ஆறு ஆல்பாவும் நான்கு பீட்டாவும் வருகின்றன. அப்படியானால் மேண்டிலில் ஆல்பாதானே அதிகம் தெரிய வேண்டும்? தெரியாது. பொருளின் உள்ளே பிறந்த ஆல்பா அந்தப் பொருளைத் தாண்டியே வெளியே வர முடியாது, மேல்தோலில் பிறந்தவை மட்டும்தான் தப்பிக்கும். காமா எண்ணிக்கை சின்னதாகத் தெரிவதும் காமா குறைவு என்பதால் இல்லை, குழாய் அதைப் பிடிக்காததால்தான். மேண்டிலிலும் புதுசும் பழசும் ஒரே மாதிரி இருக்காது. தோரியத்தைச் சுத்திகரிக்கும்போது ரேடியம்-228 பிரிந்துபோகிறது, அதன் அரை ஆயுட்காலம் 5.75 ஆண்டு, மறுபடியும் சேரப் பல ஆண்டு ஆகும். அதனால் பரணில் கிடந்த பழைய மேண்டில் கிடைத்தால் சோதனைக்கு அது நல்லது. ஆனால் மூடிய பையிலேயே இருக்கட்டும், பொடியாகி மூச்சில் போகக் கூடாது. தோரான் என்ற வாயுவும் அதிலிருந்து கசியும். ஆல்பா சோதனைக்குப் பையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்பதால் அதை ஆசிரியர் மட்டும் செய்துகாட்டுவது நல்லது, கையுறையோடு.

மேண்டில் கிடைக்காத ஊரில் உரக்கடை இருக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், விவசாயிகள் வெறும் பொட்டாஷ் என்பது, எடையில் பாதி பொட்டாசியம். இயற்கைப் பொட்டாசியம் ஒரு கிராமுக்கு நொடிக்கு 31 சிதைவு. ஒரு கிலோ பொட்டாஷில் நொடிக்கு 15,000-க்கு மேல் சிதைவு நடந்துகொண்டிருக்கிறது, அதில் 89 சதவீதம் பீட்டா. மைக்கா ஜன்னலை நேராகக் காட்டினால் பின்புலத்துக்கு மேல் தெளிவாக ஏறும், தாளை வைத்தால் அசையாது, அலுமினியம் வைத்தால் இறங்கிவிடும். ஆல்பாவே இல்லாத சுத்தமான பீட்டா பாடம் இது, உரிமம் வேண்டாம், பயம் வேண்டாம், காசும் கம்மி. ஒரு 50 கிலோ மூட்டையில் நொடிக்கு ஏழு லட்சத்துக்கு மேல் சிதைவு, அதை முதுகில் சுமந்தே பழகிய ஊர் நம்முடையது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தால் பாதி பீதி போய்விடும்.

மைக்காவின் பெரிய குறை, அது உடைந்தால் உடைந்ததுதான். விரல் பட்டால், பேனா முனை பட்டால், கூர்மையான கல்லின் மேல் வைத்தால் கதை முடிந்தது. குழாயைத்தான் மாற்ற வேண்டும், குழாய்தான் விலையில் பாதி. பாதுகாப்புக் கம்பிவலை இல்லாத மாடலைப் பள்ளிக்கு வாங்கவே கூடாது. ஜன்னலில் கதிரியக்கப் பொடி ஒட்டிவிட்டால் துடைக்கவும் முடியாது.

சரி, ஆல்பாவைப் பிடிப்பதில் இவ்வளவு மெனக்கெட என்ன இருக்கிறது, தோல் தாண்டாத கதிர்தானே என்று கேட்கலாம். வெளியே இருக்கும்வரை அப்படித்தான், தோலின் இறந்த மேலடுக்கே நிறுத்திவிடும். உள்ளே போய்விட்டால் தலைகீழ். அதே ஆற்றலைச் சில செல்களின் அகலத்துக்குள் கொட்டிவிடுவதால் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கணக்கில் ஆல்பாவுக்கு எடை 20, பீட்டாவுக்கும் காமாவுக்கும் 1. 2006-இல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாந்தர் லித்வினென்கோவுக்கு நஞ்சாகக் கொடுக்கப்பட்டது பொலோனியம்-210, ஏறக்குறைய சுத்தமான ஆல்பா. முதலில் தாலியம் நஞ்சு என்றுதான் சந்தேகப்பட்டார்கள், வழக்கமான கதிர்வீச்சுப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. லட்சம் சிதைவுக்கு ஒன்று என்ற கணக்கில் பொலோனியம் விடும் 803 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா ஒன்றுதான் பின்னால் துப்பாக அமைந்தது. உடம்புக்குள் இருக்கும் ஆல்பாவை உடம்புக்கு வெளியே இருந்து எந்த மைக்கா ஜன்னலாலும் பார்க்க முடியாது.

சின்டில்லேட்டர்: காமாவின் பெயரைச் சொல்வது

சீசியம் அயோடைடு படிகம் ஒரு கன சென்டிமீட்டர், அதன் பின்னால் ஒளியை உணரும் சிப். ரேடியாகோடு போன்ற பாக்கெட் கருவிகள் இந்த ரகம். படிகத்தின் அடர்த்தி காற்றைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல், அதனால் சீசியம்-137-இன் காமாவில் நூற்றில் ஒன்று என்பது போய்க் கால்வாசிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மோதுகிறது. அதே இடத்தில் பென்சில் குழாயைவிடப் பத்து மடங்கு அளவில் எண்ணிக்கை வரும், பத்து நிமிடம் காத்திருந்து பெறும் நம்பிக்கையை ஒரு நிமிடத்தில் பெறலாம். ஆல்பா சுத்தமாகத் தெரியாது, பீட்டாவும் உறையைத் தாண்டி வருவது சொற்பம்.

உண்மையான பலம் வேகம் இல்லை, ஆற்றலைப் பிரிப்பது. கைகர் குழாய்க்கு எல்லா டிக்கும் ஒன்றுதான். படிகத்தில் எழும் ஒளியின் அளவு காமாவின் ஆற்றலைப் பொறுத்தது, ஆகவே இது ஒரு நிறமாலையை வரையும். அடுப்படி கிரானைட் மேல் ஒரு ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் 1460 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மேடு தெரியும், அது பொட்டாசியம். 609, 352 தெரிந்தால் யுரேனிய வரிசை. 239, 583, 911, பொறுமை இருந்தால் 2614, இவை தோரிய வரிசை. ‘கதிர்வீச்சு இருக்கிறது’ என்பதற்கும் ‘இதில் பொட்டாசியம் இருக்கிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம், பதற்றத்துக்கும் தகவலுக்கும் உள்ள வித்தியாசம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள், கேரளத்தில் சவரா, கருநாகப்பள்ளிப் பக்கத்தவர்கள் கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஜெர்மானியரான ஷோம்பர்க் 1909-இல் கண்டார், அந்த மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம். அங்கே நடந்துகொண்டே பார்த்தால் சில அடிகளுக்குள் எண் ஏறி இறங்கும், வேகமான கருவி இருந்தால்தான் அது தெரியும். மணல் கறுப்பாக இருக்கும் இடத்தில் எண் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கறுப்பு மணிதான் காரணம் என்று நினைக்கிறார்கள். கறுப்பு இல்மனைட், டைட்டானியத் தாது. தோரியம் வைத்திருப்பது அதோடு கலந்து கிடக்கும் தேன் நிற மோனசைட் மணிகள், இரண்டும் கனமானவை என்பதால் அலை ஒரே இடத்தில் ஒதுக்குகிறது. மணலை அளக்கலாம், வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வரக் கூடாது, மோனசைட் அரசின் அணுசக்திக் கட்டுப்பாட்டின் கீழ் வரும் பொருள். கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளிவந்த ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை, அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்காரருக்கும் காமாதான் கவலை. 2010-இல் டெல்லி மாயாபுரியில் ஏலத்தில் வந்த பழைய ஆராய்ச்சிக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது, கடையில் உடைத்தார்கள், ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். அந்த மாதிரி இடத்தில் நிறமாலை தேவையில்லை, சத்தம் போடும் எளிய கருவி போதும், பென்சில் குழாயே போதும். ஆனால் ஒன்று. மிக வலுவான மூலத்தின் பக்கத்தில் மலிவான கைகர் கருவி திணறிப்போய் எண் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டக்கூடும். தூரத்தில் அலறி, கிட்டே போனதும் அமைதியானால் கருவியை நம்பாமல் திரும்பி ஓட வேண்டும்.

இவற்றுக்காக எதையும் வாங்க வேண்டாம்

ரேடான் பார்க்க வேண்டும் என்றால் மேலே சொன்ன மூன்றும் உதவாது. காற்றில் கலந்த வாயு, ஆல்பா விடுவது, அளவு மிகக் குறைவு. அதற்குத் தனிக் கருவி உண்டு, அல்லது ஆல்பா தடம் பதியும் பிலிமை மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஜன்னல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் வீட்டில் அது தேங்குவதும் குறைவு.

மீன், பால், அரிசி சோதிக்க வேண்டும் என்றாலும் வேண்டாம். ஜப்பானில் 2012 முதல் பொதுவான உணவுக்கு ரேடியோ சீசியத்தின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், அதாவது நொடிக்கு 100 சிதைவு. அந்த அளவுக்கு இயற்கைப் பொட்டாசியமே பல உணவுகளில் இருக்கிறது. ஈயக் கவசமும் பெரிய படிகமும் இல்லாமல் கையடக்கக் கருவியில் அதைப் பிரிக்க முடியாது.

செல்போன் டவருக்கு என்றால், அது வேறு உலகம். ஆன்லைனில் ‘ரேடியேஷன் டெஸ்டர்’ என்று மலிவாக வருபவற்றில் பல மின்காந்தப் புலத்தை அளப்பவை, அவற்றுக்கு ஆல்பாவும் தெரியாது, காமாவும் தெரியாது. டவர் அலை அணுக்கருவிலிருந்து வருவதும் இல்லை, அயனியாக்குவதும் இல்லை, கைகர் கவுண்டர் அதைப் பார்க்காது. போன் கேமராவைக் கறுப்பு டேப் ஒட்டி மூடி ஆப் மூலம் அளப்பது வலுவான காமாவுக்கு மட்டும் ஏதோ காட்டும், வீட்டுப் பின்புலத்துக்கு உதவாது. இதில் சிரிப்பு வரவழைப்பது 5ஜி-யிலிருந்து காப்பாற்றும் என்றும் எதிர்மின் அயனி விடும் என்றும் விற்ற பதக்கங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு அந்த மாதிரிப் பத்துப் பொருள்களைச் சோதித்து, அவையே அயனியாக்கும் கதிர்வீச்சு விடுகின்றன, அணியாதீர்கள் என்று அறிவித்தது. இத்தகைய பதக்கங்களில் தோரியம் கலந்த தாதுப்பொடி இருப்பது உண்டு, அதன் பீட்டா நேராக நெஞ்சுத் தோலில். சொந்தக்காரர் யாராவது கழுத்தில் மாட்டியிருந்தால் மைக்கா ஜன்னலைக் காட்டிப் பாருங்கள், பென்சில் குழாய்க்கும் பெரும்பாலும் தெரியும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் விற்பவரிடம் கேட்க வேண்டியது குழாயின் பெயர், ஜன்னலின் தடிமன் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம், பெட்டியில் அந்த இடத்தில் வெட்டு இருக்கிறதா, நிமிட எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுமா, எண்ணிக்கையைச் சேமிக்குமா. ‘ஆல்பா, பீட்டா, காமா, எக்ஸ் எல்லாம் காட்டும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்து குழாயின் பெயர் மட்டும் இல்லையென்றால் ஆல்பாவைக் கழித்துவிட்டே விலையைப் பாருங்கள். இரண்டாம் கையில் மைக்கா ரகம் வந்தால் ஜன்னலின் கிட்டத்துப் படமும், கருவி ஓடி எண்ணிக்கொண்டிருக்கும் வீடியோவும் அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். கீறல் விழுந்த ஜன்னலை யாரும் ஒட்டித் தர முடியாது.